கிணற்றில் தொங்கியவரும் ஏழு இணைப்பு நூல்களும்

மனித குலம் கண்டுபிடித்தவற்றிலேயே தலைசிறந்தது சக்கரம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் சொல்கிறேன், தலைசிறந்தது 'இணைப்பு நூல்'தான், அதாவது ஒரு விதிப் புத்தகத்தோடு சேர்க்கிற அடுத்த விதிப் புத்தகம். சக்கரத்தை உருட்டினால் உருளும், அவ்வளவே. கையில் ஓர் இணைப்பு நூல் இருந்தால், உருண்டுகொண்டிருக்கிற எதையும் நிறுத்திவிடலாம்.

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் சும்மா செய்வதில்லை. மதுரை காளவாசலில் பஸ் வந்து நிற்கும். ஏறமாட்டான். போர்டைப் படிப்பான். படித்ததை நம்பாமல் கண்டக்டரைக் கேட்பான். கண்டக்டரை நம்பாமல் பக்கத்தில் நிற்பவனைக் கேட்பான். பஸ் போய்விடும். போன பஸ் சரியான பஸ்தானா என்று அதற்குப் பிறகு நாலு பேர் நின்று விவாதிப்பார்கள். மாத்திரை வாங்கினால் அதோடு வருகிற காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறவனை எனக்குத் தெரியும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாகரிகம் என்று சொல்கிறேன். அந்த நாகரிகத்தின் உச்சியை சிம்மக்கல்லில் ஒரு மாடியில் என் கண்ணாலேயே பார்த்தேன். எண்பத்து நாலாம் வருஷம் அது.

உசிலம்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் கிணறு வெட்டியவன் நான். பெயர் நல்லகாமன். இடுப்பு விட்டுப்போனதும் சிம்மக்கல்லில் ஒரு சுங்குடிச் சேலைக் கிட்டங்கிக்கு, அதாவது சரக்கறைக்கு, பகல் காவலாக வந்து சேர்ந்தேன். கிட்டங்கிக்கு மேல்மாடியில் பத்ரி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நடத்தியவர் பத்ரிநாத் சார். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீசில் இருந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். தன் மேஜைக்கு வந்த ஒரு காகிதத்தைக்கூடச் சேதமாக விட்டதில்லை. ஏனென்றால் எதையும் மேஜையை விட்டு வெளியே விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட பொறுப்பு.

அவருடைய அண்ணன் மகன் ஹரிராம். பாங்க் உத்தியோகம், சிரித்த முகம். அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவிலிருந்து அவனுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. அட்டையில் ராட்சதப் பல்லி படம் போட்ட ஒல்லியான புத்தகம் ஒன்றும், இருபது முகம் வைத்த கட்டை ஒன்றும், அம்புட்டுத்தான். ஒருவர் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு மனிதராக மாறிக்கொண்டு, 'இப்போது நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்ய முடிந்ததா இல்லையா என்று கட்டையை உருட்டிப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிட்யூட் விடுமுறை. அன்று மத்தியானம் டைப் மெஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட்டு விளையாடுவார்கள்.

ஒரு ஞாயிறு ஹரிராம் கீழே வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு ஆள் குறையுது. மேல வாறீங்களா?"

"என்ன தூக்கணும்?"

"எதையும் தூக்க வேணாம்ண்ணே. வேற ஒரு ஆளா இருக்கணும்."

"முதலாளி சம்பளம் குடுக்குறது இந்த ஆளுக்குத்தான தம்பி."

"மாடி ஜன்னல்ல உக்காந்தா கிட்டங்கிக் கதவு தெரியும்ண்ணே. இந்த ஆளு காவல் பாக்கட்டும், அந்த ஆளு விளையாடட்டும்."

போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் வீரணன். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன், எனக்கு மாப்பிள்ளை முறை, ஏதோ ஆபீசில் குமாஸ்தா. ஆட்டத்தில் அவன் போர்வீரன். தன்னைவிட நீளமான வாள் வைத்திருந்தான். மற்றது ராதாமணி, இன்ஸ்டிட்யூட்டில் டைப் சொல்லிக்கொடுக்கிற பெண். ஆட்டத்தில் மந்திரவாதி. பத்ரிநாத் சார் விளையாடமாட்டார். ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்ண்ணே?" என்றான் ஹரிராம்.

"கிணறு வெட்டத் தெரியும்."

புத்தகத்தைப் புரட்டினான். "போர்வீரன் இருக்கு, மந்திரவாதி இருக்கு, திருடன் இருக்கு. கிணறு வெட்டுறவர் இல்லையே."

"அப்ப அந்த ஊர்ல தண்ணிக்கு என்ன செய்றாக?"

ஹரிராம் யோசித்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தமிழில் சொன்னான்: "இதில் எழுதாததை ஆட்டம் நடத்துபவரே நியாயமாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்." பிறகு சிரித்தான். "சரிண்ணே. நீங்க கிணறு வெட்டுறவர். பேரு?"

கருத்தக்கண்ணன் என்று சொன்னேன். அது என் கூட்டாளியின் பெயர். இருபது வருஷம் நான் கீழே வெட்ட, அவன் மேலே வடத்தைப் பிடித்திருந்தான். ஒருமுறை மேலே நின்றவனைக் கதண்டு வண்டு கொட்டிவிட்டது. முகம் பூசணிக்காயாக வீங்கி, கண் இரண்டும் மூடிவிட்டது. வடத்தை விடவில்லை. என்னைக் கரையில் ஏற்றி நிறுத்திய பிறகுதான் மல்லாக்க விழுந்தான். இந்த ஆட்டத்துக்கு முந்தின வருஷம்தான் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அவன் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி ராதாமணி என் முன்னால் வைத்தபோது, ஆட்டமோ என்னமோ, இவனைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வயசானால் இப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும்.

ஆறு மாதம் ஆட்டம் நன்றாகவே போயிற்று. ஒத்துக்கொள்கிறேன். அட்டைப் படத்துப் பல்லி ஒருநாள் குகைக்குள் வந்து வழியை மறித்தது. வீரணன் வாளை உருவினான். நான் சொன்னேன், "கருத்தக்கண்ணன் மிளகா வத்தலத் தீயில போட்டு மூட்டம் போடுறான்." புத்தகத்தில் மிளகாய் இல்லை. ஹரிராம் ஒரு நொடி யோசித்தான். "பதினஞ்சுக்கு மேல விழுந்தா பல்லி ஓடிரும்." பதினாறு விழுந்தது. பல்லி ஓடியது. எங்களுக்கும் சேர்த்து இருமல் வந்தது போல ராதாமணி இருமிக் காட்டினாள். ஒரு நிமிஷத்தில் வழக்கு முடிந்தது. இவ்வளவு பின்தங்கிய நிலையில் இருந்தோம் நாங்கள்.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து இரண்டாவது பார்சல் வந்தது. அதே விளையாட்டுக்கு இன்னொரு புத்தகம், முதல் புத்தகத்தைவிட இரண்டு மடங்கு தடிமன். ஹரிராம் அதை அலமாரி மேல் போட்டுவிட்டான். பத்ரிநாத் சார் எடுத்துப் படித்தார். மூன்று வாரம் படித்தார். படித்து முடித்த அன்றுதான் அவர் பேப்பரை மடித்து வைத்ததை நான் பார்த்தேன்.

"ஹரி, முதல் புத்தகம் முழுமையானதுன்னா, ரெண்டாவது எதுக்கு வந்தது?"

"தெரியல சித்தப்பா. ஆசைப்பட்டவங்க வாங்கிக்கறதுக்கு."

"ரெண்டாவது வந்திருக்குன்னா முதலாவது முழுமையில்லை. முதலாவது முழுமையில்லைன்னா ரெண்டாவது மட்டும் எப்படி முழுமையா இருக்கும்?"

பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்பவரைத் தலைவராக்குவது நம் வழக்கம். அன்றைக்கே 'விதிகள் பரிசீலனைக் குழு' உருவாயிற்று. தலைவர் பத்ரிநாத் சார். செயலாளர் வீரணன். ஹரிராம் 'சிறப்பு அழைப்பாளர்', அதாவது தன் விளையாட்டுக்குத் தானே விருந்தாளி. பழைய ஒல்லிப் புத்தகத்துக்கு 'மூல நூல்' என்று பட்டம் கட்டி, காக்கி அட்டை போட்டு, யாரும் தொடாத இடத்தில் வைத்தார்கள். மரியாதைக்குரியதை அப்படித்தான் வைப்பார்கள்.

அமெரிக்கப் புத்தகம் 'இணைப்பு நூல் ஒன்று' ஆயிற்று. இரண்டாவதிலிருந்து சொந்தத் தயாரிப்பு. பத்ரிநாத் சார் சொல்லச் சொல்ல ராதாமணி ஸ்டென்சில் அடிப்பாள். வீரணன் சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றுவான். ஞாயிறு மத்தியானம் உள்ளே நுழைந்தாலே மை வாடை. 'பசியும் உணவும்' என்று ஒன்று. 'கதவு, ஜன்னல், பரண்' என்று ஒன்று. மாடுகளின் மனநிலை பற்றி முப்பத்தாறு வரி அட்டவணை போட்டு ஒரு தனிச் சுற்றறிக்கை. அதில் ஊரில் நான் வளர்த்த மாடுகளில் ஒன்றின் மனநிலைகூட இல்லை.

வீரணன் ஒருநாள் சொன்னான், "கதவைத் திறக்குறேன்."

"உள்பக்கம் திறக்கற கதவா, வெளிப்பக்கமா?" என்றார் தலைவர்.

"தள்ளிப் பாக்குறேன் சார்."

"தள்றதுக்கு முன்னாடி கீலைப் பாக்கணும். நூல் மூணு, பக்கம் ஒன்பது."

"கீல் தெரியல சார், இருட்டா இருக்கு."

"இருட்டுக்கு இன்னும் விதி வரலை. வர்ற வரைக்கும் வெளிச்சம்னு வச்சுக்கலாம்."

நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. உள்ளே இருந்த எதிரி அதற்குள் வயசாகிச் செத்திருப்பான். ஆனால் வீரணன் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கதவைத் திறந்த நிறைவு அல்ல, சரியாகத் திறந்த நிறைவு. ஆபீசில் அவனுக்கு அது கிடைப்பதில்லையோ என்னவோ.

"ஏம்ப்பா மாப்ள, முன்னெல்லாம் எட்டி ஒதச்சுத் தொறப்பியே," என்றேன்.

"அது அறியாமை மாமா," என்றான்.

இப்படி நாகரிகம் முற்றிக்கொண்டே வந்த நேரத்தில்தான் கருத்தக்கண்ணன் கிணற்றில் இறங்கினான்.

கதை இதுதான். ஒரு ஊரில் தண்ணீர் இல்லை. கிணற்று ஊற்றை ஒரு பாறை அடைத்துக்கொண்டிருக்கிறது. அறுபது அடி ஆழம். ஹரிராம் இதை எனக்காகவே கட்டியிருந்தான் என்று நினைக்கிறேன். கதை சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னான். போர்வீரன் மேலே வடத்தைப் பிடித்துக்கொண்டான். கருத்தக்கண்ணன் இறங்கினான். பாறையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். பதினெட்டு விழுந்தது. ஊற்று பீறிட்டது. ராதாமணி கை தட்டினாள். நான் சொன்னேன்:

"கருத்தக்கண்ணன் வடத்த ரெண்டு இழுப்பு இழுக்குறான். தூக்குன்னு அர்த்தம். மேல தூக்குறாக. பாதி ஏறியாச்சு, முப்பதடி."

ஹரிராம் கட்டையைக் கையில் எடுத்தான்.

"ஒரு நிமிஷம்," என்றார் பத்ரிநாத் சார்.

அந்த ஒரு நிமிஷம் பதினோரு வாரம் நீடித்தது.

"வடம் என்ன வடம்?"

"தேங்கா நாரு."

"நனைஞ்சதா, காய்ஞ்சதா?"

"கெணத்துக்குள்ள நனையாம இருக்குமா சார்?"

சார் நாலாம் நூலைப் புரட்டினார். "நனைஞ்ச தேங்கா நார்க் கயிறுக்கு அட்டவணை இருக்கு. ஆனா அது கப்பலுக்கு."

"மதுரையில ஏது சார் கப்பலு?"

"அதான் சிக்கல். ஒண்ணாம் நூல்ல, மேல ஆள் பிடிச்சிருந்தா உருட்டவே வேணாம், ஏறிடலாம்னு இருக்கு. நாலாம் நூல்ல உருட்டணும்னு இருக்கு. எது செல்லும்னு குழுதான் சொல்லணும்."

"மூல நூல் கடைசிப் பக்கத்துல, ஆட்டம் நடத்துறவரே தீர்மானிக்கலாம்னு போட்டிருக்குன்னு தம்பி படிச்சுச்சே."

ஹரிராம் கட்டையைக் கீழே வைத்தான். "சித்தப்பா சொல்றதும் நியாயம்தானே அண்ணே. ஒரு வாரம் பொறுங்க."

ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த ஞாயிறு தலைவர் வரவில்லை. அவர் வீட்டில் சம்பந்தி வந்திருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு தலைவர் வந்தார், செயலாளர் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு இருவரும் வந்தார்கள். கயிறு பற்றிய துணைக்குழு அமைத்துவிட்டுப் பருத்திப்பால் குடிக்கப் போனார்கள். வீரணன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவான். நான்காம் வாரக் குறிப்பை ராதாமணி எனக்குப் படித்துக் காட்டினாள். 'கருத்தக்கண்ணன் அவர்கள் தொங்கும் நிலை விரிவாக விவாதிக்கப்பட்டது. மேற்படியார் தொங்குவது தொடரலாம் என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.'

'அவர்கள்' என்று போட்டிருந்தார்கள் பாருங்கள். உயிரோடு இருந்த நாளில் அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"கீழ ஊத்துத் தொறந்திருக்கும்மா. தண்ணி ஏறிக்கிட்டுல்ல இருக்கும்," என்றேன்.

"அதுக்குக் கவலைப்படாதீங்க ஐயா," என்றாள் ராதாமணி. "தண்ணி ஏறறதுக்கு விதி எழுதற வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எழுதற வரைக்கும் ஏறாது."

விதி இல்லாததால் கருத்தக்கண்ணன் பிழைத்த ஒரே சமயம் அது.

வீட்டில் என் மனைவி இருளாயி கேட்டாள், சோற்றைப் பிசைந்துகொண்டே ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று. சொன்னேன். அவள் முதலில் பயந்துபோனாள்.

"கருத்தக்கண்ணண்ணனா? அவருதான் போயிட்டாரே."

"இது ஆட்டத்துல."

"ஆட்டத்துல கெணத்துல கெடக்காரா?"

"கெடக்கல. தொங்குறான். ஆறு வாரமா."

"அம்புட்டுப் படிச்சவுக இருக்காக, தூக்கிவிட ஒருத்தர் இல்லையா?"

"படிச்சுக்கிட்டு இருக்காக," என்றேன்.

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனாள்.

ஏழாம் வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. உசிலம்பட்டிச் சந்தையில் தேங்காய் நார் வடம் இருபது முழம் வாங்கி, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, சொட்டச் சொட்டத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் வடத்துக்கும் டிக்கெட் கேட்டார். எடுத்தேன். இன்ஸ்டிட்யூட் கூரையில் ஓர் உத்தரம் உண்டு. வடத்தை அதன்மேல் வீசி முடிச்சுப் போட்டேன்.

"என்ன செய்யறீங்க?" என்றார் தலைவர்.

"நனைஞ்ச தேங்கா நாரு. வயசு அறுவத்திரெண்டு. இடுப்பு கெடையாது. பாருங்க," என்று சொல்லி ஏறினேன்.

உத்தரம்வரை ஏறினேன். மேலே தூசியும் ஒரு பழைய பந்தும் இருந்தன. பந்தைக் கீழே தள்ளிவிட்டு இறங்கினேன். உள்ளங்கை எரிந்தது. ஹரிராம், "போதும்ண்ணே, போதும்ண்ணே" என்று சொல்லிக்கொண்டே கைகளை விரித்து எனக்குக் கீழேயே நின்றிருந்தான். நல்ல பிள்ளை. விழுந்தால் பிடித்திருப்பான், அதற்கு விதி வேண்டும் என்று அவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

குழு கூடிப் பேசியது. எனக்குப் புரியாத தங்கள் வீட்டுப் பாஷையில் சித்தப்பாவும் மகனும் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஹரிராம் குரல் ஒருமுறை உயர்ந்தது, பிறகு தணிந்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார். கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க ஏறினதைக் குழு பாத்துச்சு. பாராட்டறோம். குறிப்புலயும் ஏத்தியாச்சு."

"அப்ப கருத்தக்கண்ணன் ஏறிட்டானா?"

"நீங்க ஏறினீங்க, அதுல சந்தேகமில்லை. கருத்தக்கண்ணன் ஏறுவாராங்கறதுதான் கேள்வி. அதோட, இது உசிலம்பட்டிக் கயிறு. நாலாம் நூல்ல இருக்கறது வேற கயிறு."

"அந்தக் கயிறு எங்க சார் கெடைக்கும்?"

"அது எங்கேயும் கிடைக்காது. அது விதிக் கயிறு."

எனக்கு அப்போது புரிந்தது. கயிறு எங்கே கிடைக்கிறதோ அங்கே போய் ஏறலாம். எங்கேயும் கிடைக்காத கயிற்றில் எப்படி ஏறுவது? இந்தக் கேள்வி வாய்வரை வந்தது. குறிப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

படியிறங்கும்போது ராதாமணி பின்னாலேயே வந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, முகத்துக்குப் பூசுகிற ஏதோ களிம்பைக் கொடுத்தாள்.

"ஐயா, அம்புட்டு நூலையும் நான்தான் டைப் அடிக்கறேன். எனக்கே தலையும் வாலும் புரியலை."

"பொறகு ஏம்மா அடிக்கிற?"

"ஸ்பெல்லிங் தப்பில்லாம இருக்குன்னு சார் சொல்றாரே," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பதினோராம் வாரம் முடிவு வந்தது. அன்று எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். வீரணன் புதுச் சட்டை போட்டிருந்தான். மேஜைமேல் ஏழாம் இணைப்பு நூல், மை காயாமல் அடுக்கி வைத்திருந்தது: 'ஏறுதலும் இறங்குதலும்'. ஐம்பத்திரண்டு பக்கம். தலைவர் எழுந்து நின்று வாசித்தார்.

"பாதிக் கிணறுவரை ஏறிய நபர், வடம் நனைந்திருப்பினும், மீதி தூரத்தை உருட்டாமலே ஏறலாம் எனக் குழு தீர்மானிக்கிறது."

நான் எழுந்துவிட்டேன். "அப்ப வெளிய வந்துட்டான்."

"உக்காருங்க. இன்னும் இருக்கு." பக்கத்தைத் திருப்பினார். "எனினும், இணைப்பு நூல் ஐந்து, 'காலக் கணக்கு'ப்படி, ஆட்டம் நிலுவையில் இருக்கும் நாட்களும் ஆட்டத்தின் நாட்களே. ஆகவே மேற்படியார் எழுபத்தேழு நாள் தொங்கியிருக்கிறார். இணைப்பு நூல் இரண்டு, 'பசியும் உணவும்'படி, உணவின்றி ஒரு நபர் தாங்கக்கூடியது இருபத்தொரு நாள். எனவே கருத்தக்கண்ணன் அவர்கள் ஐம்பத்தாறு நாளுக்கு முன்பே காலமானார் என முன்தேதியிட்டு அறிவிக்கப்படுகிறது. கீழே தண்ணீர் இருந்தபடியால் தாகத்தால் இறக்கவில்லை என்பதைக் குழு ஆறுதலுடன் பதிவு செய்கிறது."

டைப் மெஷின்கள் உறைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தலைவர் இரண்டு நிமிஷம் மௌனம் அனுசரிக்கச் சொன்னார். எழுந்து நின்றார்கள். வீரணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு நிமிஷம் ஆனதும் "சார்" என்றான். உட்கார்ந்தார்கள்.

"ஆட்டத்துல ஒரு நிமிஷந்தானய்யா ஆச்சு," என்றேன். "நீங்க பேசுன நேரத்துக்கெல்லாம் அவன் பட்டினி கெடக்கணுமா?"

"விதி யாருக்காகவும் வளையாது பெரியவரே."

"ஏறலாம்னு எழுதுறதுக்கு ஏழாவது புத்தகம். அதுக்குள்ள செத்துட்டான்னு எழுதுறதுக்கு ரெண்டாவது புத்தகம். வரிசைய மாத்தி எழுதியிருக்கலாம்ல?"

"யோசனை நல்லா இருக்கு," என்று சொல்லி, அதைக் குறித்துக்கொள்ளும்படி செயலாளருக்குக் கை காட்டினார். செயலாளர் குறித்துக்கொண்டான்.

நான் ஹரிராமைப் பார்த்தேன். "தம்பி, நீதான ஆட்டம் நடத்துற. நீ சொல்லு. செத்துட்டானா?"

அவன் காக்கி அட்டை போட்ட மூல நூலை எடுத்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நான் மட்டும்னா ஏத்தி விட்டிருப்பேன்ண்ணே. முதல் வாரமே. ஆனா இப்ப ஏழு நூல் இருக்கே. நான் ஒரு பேச்சுக்கு ஏதாவது சொல்லி, நாளைக்கு யாராவது கேட்டா?"

"யாரு கேப்பா?"

சுற்றிப் பார்த்தான். அங்கே இருந்தது நாங்கள் ஐந்து பேர்தான். யார் கேட்பார்கள் என்று அவனாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்டுவிடுவார்கள் என்ற பயம் மட்டும் அப்படியே இருந்தது.

தலைவர் என் தோளில் தட்டினார். "மனசு விட்டுறாதீங்க. எட்டாம் நூல் தயாராகுது, 'மறைந்தோர்'. அது வந்துட்டா நீங்க கருத்தக்கண்ணனையே பேயா நடத்தலாம். சுவர் வழியா போகலாம், கதவு விதி ஒண்ணும் கிடையாது. பாக்கப்போனா இது உங்களுக்கு லாபம்."

மனிதரைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டுப் பேய்க்குச் சலுகை கொடுக்கிற பெருந்தன்மை வேறு எங்கே வரும்? நான் அவர் கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பிறகு மரியாதையாகத்தான் வீரணனிடம் போனேன்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"நீதான மேல நின்ன. வடம் ஒன் கையிலதான இருந்துச்சு."

"ஆமா மாமா."

"எழுவத்தேழு நாளும் பிடிச்சுத்தான் இருந்தியா?"

முதலில் நாலாம் நூலை எடுத்தான். பிறகு ஏழாம் நூலை எடுத்து, புதுப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை நகத்தால் பிரித்துப் பார்த்தான். பிறகு முதலிலிருந்து மறுபடியும். ராதாமணி தன் பங்குக்கு இரண்டு நூல்களைப் புரட்டினாள். தலைவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஹரிராமும் சேர்ந்து நாலு பேரும் தேடினார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் வீரணன் நிமிர்ந்தான். உண்மையாகவே ஆச்சரியப்பட்ட முகம்.

"வடம் பிடிக்கிறவனுக்கு எந்த நூல்லயும் விதியே இல்லை மாமா."

"பிடிச்சிருந்தியான்னுதான் கேட்டேன்."

"அதான் மாமா. விதி இல்லையே."

நான் ஜன்னலோரம் வைத்திருந்த என் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் மேலிருந்து பத்ரிநாத் சாரின் குரல் கேட்டது. அது விடுபட்டுப் போய்விட்டதாம். வேண்டுமென்று செய்ததல்லவாம். ஒன்பதாம் நூலில் சேர்த்துவிடலாமாம். கொஞ்சம் பொறுத்தால் போதுமாம்.

கதவின் கீலுக்கு விதி எழுதியவர்கள். மாட்டின் மனசுக்கு முப்பத்தாறு வரி எழுதியவர்கள். செத்தவன் சுவரைத் தாண்டும் விதத்தை எழுத உட்கார்ந்திருப்பவர்கள். மேலே நிற்பவன் பிடியை விடக்கூடாது என்ற ஒரு வரி மட்டும் ஏழு புத்தகத்திலும் தற்செயலாக விடுபட்டுப்போனதாம். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் நம்பவில்லை. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.